கீழக்கரை பேர் வெட்டும் கடை: பித்தளைத் தட்டில் ஓர் இக்போ பேர்

கையால் வெட்டினால் எழுத்துக்கு நான்கு ரூபாய், மெஷினில் என்றால் இரண்டு. கீழக்கரை கடைத்தெருவில் பாத்திரக் கடைகள் இருக்கும் வரிசையில், ஒரு கடையின் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெட்டித் தருகிறார் ஒரு அண்ணன். வயது அறுபது இருக்கும். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். வீட்டோடு பாத்திரம் போகும், பாத்திரத்தில் பேரும் போகும். என் ராத்தா கல்யாணத்துக்கு இதே திண்ணையில் வெட்டிய சருவச்சட்டியில் இன்றைக்கும் ஓர் எழுத்துகூட மங்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் போனேன். ஆனால் நான் கொண்டுபோன பேரை அவர் அதற்கு முன்னால் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

துபாய் தேராவில் ஒரு கார்கோ அலுவலகத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். எங்களிடம் சரக்கு போட வருகிறவர்களில் நைஜீரியாவின் இக்போ இன வியாபாரிகள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் எனக்கு நெருங்கிய கூட்டாளி ஆனார். வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர் போன நெவி என்ற ஊர்க்காரர். இப்போது அவர் அங்கே, நான் இங்கே. போன மாதம் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் சொல்லி குரல் பதிவு அனுப்பியிருந்தார்: ங்கிருக்கா.

என்ன அனுப்பலாம் என்று யோசித்து, விளிம்பு வைத்த ஒரு பித்தளை வெற்றிலைத் தட்டு வாங்கினேன். இக்போ வீட்டுக்குப் போனால் முதலில் கோலாக் கொட்டையைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். 'கோலா கொண்டு வருகிறவர் உயிரைக் கொண்டு வருகிறார்' என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. நாம் வெற்றிலை பாக்கு நீட்டுவது போலத்தான். அதனால் இந்தத் தட்டு அங்கே சும்மா அலமாரியில் கிடக்காது என்று தோன்றியது.

இந்தக் கடையை நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் அவர் கேட்ட முதல் கேள்வி. எத்தனை எழுத்து என்று கேட்கவில்லை. "அர்த்தம் என்ன பாய்?" என்றார். "முன்னால இருக்கிறது இதைவிடப் பெரிசுன்னு அர்த்தம்ணே. இனி வரப்போறதுதான் மேலானதுன்னு" என்றேன். "அப்ப அது பேர் இல்ல, ஒரு பேச்சு" என்றார். பதினாறு வருடம் பழகியும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை. இக்போ பேர்களில் பெரும்பாலானவை முழு வாக்கியங்கள்தான். சினெடு என்றால் கடவுள் வழிநடத்துகிறார். சின்யெரெ என்றால் கடவுள் கொடுத்தார். அமேச்சி என்றால் நாளையை யார் அறிவார். 'சி' என்பது ஒவ்வொரு மனிதருக்கும் தனியாக உள்ள இறைவன், கூடவே பிறந்து கூடவே வருவது. அதோடு 'பெரிய' என்பதைச் சேர்த்தால் சுக்வு, எல்லாருக்கும் மேலான கடவுள். 2021 மார்ச்சிலிருந்து உலக வர்த்தக அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் அம்மையாரின் பேர் எங்கோசி. அதற்கு ஆசீர்வாதம் என்று பொருள். அது மட்டும் ஒற்றைச் சொல்.

சரி, வேலைக்கு வருகிறேன். பேரைத் தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இக்போவை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுவார்கள், ஆனால் மூன்று உயிரெழுத்துகளுக்கு அடியில் புள்ளி வரும். புள்ளி இல்லாத ஐந்து, புள்ளி வைத்த மூன்று, ஆக எட்டு உயிர். இந்தப் பேரில் (Nkịrụka) அப்படி இரண்டு புள்ளிகள். அண்ணன் தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மேலயும் புள்ளி, கீழயும் புள்ளி. மேல இருக்கிறது ஆங்கிலம். கீழ இருக்கிறது மை சிந்தினதா?" என்று கேட்டார். நான் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அந்த 'இ' நம் இ-யும் இல்லை, எ-யும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. அதற்குத்தான் அந்தப் புள்ளி. "நாம புள்ளிய மேல வச்சு உயிரை எடுத்துடுறோம். அவுக கீழ வச்சு உயிரை மாத்துறாக" என்றார். உளி பிடிக்கிற கைக்குப் புள்ளியின் வேலை சட்டென்று புரிந்துவிட்டது.

தமிழிலும் பேரை வெட்டச் சொன்னேன். அங்கேதான் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டோம். மெய்யெழுத்தில் தொடங்குகிற பேர் தமிழில் கிடையாது. அதோடு ங்-க்குப் பின்னால் க வந்தால் நம் வாய் 'சங்கு' மாதிரி மெதுவாகச் சொல்லிவிடும். அவர்கள் சொல்வது அழுத்தமான க. இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம். அண்ணன் ஒன்றை வாய்விட்டு வாசித்தார், நிறுத்தினார், மறுபடி வாசித்தார். "இங்கிருக்கா. பாய், 'இங்க இருக்கா'ன்னுல வருது."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எங்கேயோ நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே பிறந்த பிள்ளை, நம் கடற்கரைத் தமிழில் இங்க இருக்கா. இரவே நண்பரிடம் சொன்னேன். அவர் தன் மனைவியைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கடைசியில் 'ங்கிருக்கா' என்றே வெட்டுவது என்று முடிவு செய்தோம்.

முன்பணம் கொடுத்த அன்று, உளியை எடுக்கும் வரை மற்ற பேர்களையும் கேட்டுக்கொண்டே இருந்தார். என் நண்பரின் பேரைச் சொன்னேன்: ஓசொஎமெனா. இன்னொன்று நடக்காமல் போகட்டும் என்பது பொருள். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் அவருடைய அண்ணன் சின்னப் பிள்ளையாகவே இறந்துபோனான். அடுத்து பிறந்த இவருக்கு அந்தப் பேர். பேர் வெட்டும் அண்ணன் உளியைக் கீழே வைத்தார். நம் பக்கத்திலும் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்று பேர் வைப்பார்கள், இந்துக்களும் வைப்பார்கள், எங்கள் ஆட்களில் பிச்சைக்கனியும் உண்டு. அவர் தன் சித்தப்பா பேரே பிச்சைதான் என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ந்நம்டி. நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர் அசிகிவேயின் பேர் அது. என் தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். தாத்தா திரும்பி வந்துவிட்டதாக நினைத்து வைக்கிற பேர். பெண்ணுக்கு ந்நென்னா, அதாவது தகப்பனைப் பெற்றவள். பாட்டன் பேரைச் சுமப்பதால்தானே நம்மிடமும் பேரன் என்கிறோம். எங்கள் வீட்டில் வாப்பாவின் வாப்பா பேரை என் தம்பிக்கு வைத்தார்கள். மாமனார் பேரை உம்மா வாயால் சொல்ல மாட்டார்கள். கடைசிவரை தம்பியை 'சின்ன வாப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். இதை நண்பரிடம் முன்பே தேராவில் சொல்லியிருக்கிறேன். அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டிலும் மகளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறோம் என்றார். சந்தை நாளை வைத்தும் பேர் வைப்பார்கள். எகெ, ஓரியெ, அஃபோ, ங்க்வோ என்று நான்கே நாள் கொண்ட வாரம் அவர்களுடையது. அஃபோவில் பிறந்தவன் ஒகாஃபோர், ங்க்வோவில் பிறந்தவன் ஒகொங்க்வோ. நாம் ரோகிணி, கார்த்திகா என்று நட்சத்திரத்தில் பிடிக்கிற நாளை அவர்கள் சந்தையில் பிடிக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை அஸர் தொழுகை நேரத்துக்குத் தருகிறேன் என்றவர் சனிக்கிழமைதான் தந்தார். போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும். பில் கிடையாது. முதலில் வாங்கியபோது ஒரு புள்ளிதான் இருந்தது, புள்ளி வர வேண்டிய இரண்டாவது எழுத்துக்கு அடியில் விட்டுப்போயிருந்தது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து ஒரே அடியில் புள்ளி வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் தமிழ் வரியில் இடக்கணக்கு தப்பிவிட்டது. கடைசி 'க்கா' நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை. விளிம்பு வளைந்த தட்டு கொண்டுபோகிறவர்கள் முதலில் பென்சிலில் முழுப் பேரையும் குறிக்கச் சொல்லுங்கள். மெஷின் வேலையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பக்கத்தில் ஒருவர் வாங்கிய எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தேன், கோடு நடுங்கியிருந்தது. கை வேலை வேறு. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே ஆழம், புளி போட்டுத் தேய்த்தபோது கோடுகளுக்குள் அழுக்கு தங்கவில்லை.

தட்டு துபாய் போகிற ஒரு பையன் கையில் போய், அங்கிருந்து கார்கோவில் நெவி சேர்ந்தது. வீடியோவில் நண்பரின் மகள் விளிம்பில் விரலை ஓட்டி, அடிப்புள்ளிகள் இரண்டையும் தொட்டுக் காட்டினாள். ஆங்கில ஆவணங்களில் அந்தப் புள்ளிகளை யாரும் போடுவதில்லையாம். தமிழ் வரியைக் காட்டி, இதில் புள்ளி ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டாள். அண்ணன் சொன்னதையே சொன்னேன்.

இப்போது நண்பர் தனக்கும் ஒரு தட்டு கேட்டிருக்கிறார், தன் அப்பாவின் பேரில். அஹமெஃபூலா. என் பேர் தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று அர்த்தம். நேற்று திண்ணையில் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, அடிப்புள்ளி கிடையாது. தமிழ் வரியை இந்தத் தடவை பென்சிலில் குறித்துவிட்டுத்தான் வெட்டப்போகிறார்.