கூடோ: ஆறு வருடப் பயிற்சிக்குப் பிறகு

நான் முதலில் கற்றது முகத்தில் குத்து விழாத கராத்தே. கூடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கு வந்த முதல் வாரமே, நெஞ்சளவில் நிறுத்திப் பழகிய கைகள் தாமாகத் தாடைக்கு ஏறிவிட்டன. அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இந்தக் கலையே பிறந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

இதைத் தொடங்கிய அசுமா தகாஷி, ஜூடோ தெரிந்த கியோகுஷின் கராத்தே வீரர். 1977-இல் அனைத்து ஜப்பான் பட்டம் வென்றவர். கியோகுஷின் போட்டியில் தலையில் உதைக்கலாம், கையால் முகத்தில் குத்தக் கூடாது. எதிராளியைப் பிடித்து வீசவும் முடியாது. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க 1981-இல் செண்டாய் நகரில் தாய்தோ ஜூக்கு பள்ளியை ஆரம்பித்தார். கூடோ என்ற பெயர் பின்னால் வந்தது.

குத்து, உதை, முழங்கை, முழங்கால், தலைமுட்டு, வீச்சு, தரைப்பிடி எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு உண்மையில் கைகொடுத்தது இவற்றுக்கு நடுவே உள்ள இடம். எதிராளி குத்திவிட்டுக் கையை இழுக்கும் அந்த நொடியில் என் இடது கை அவர் காலரைப் பற்றும். துணி முறுகும், அவர் எடை முன்காலுக்கு வரும். வலது கையால் ஒரு குத்து, விலகப் பார்த்தால் முழங்கால், முரண்டு பிடித்தால் காலை வாரிவிடுவது. தனித்தனியாகக் கராத்தேயும் ஜூடோவும் கற்றவருக்கு இந்த இணைப்பு எளிதில் வராது.

நான் வீதியில் சண்டை போட்டதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். குத்துச்சண்டைக்காரர்களோடு மோதிப் பழகியபோது கைவேகத்தில் தோற்றேன், நெருங்கிப் பிடித்ததும் நிலைமை மாறியது. தரையில் பிடித்து மடக்குவதையே முக்கியமாகப் பழகும் ஜியு ஜிட்சுக்காரர்களிடம் தரையில் திணறினேன். கூடோ போட்டியில் தரைச் சண்டைக்கு ஒரு தடவைக்கு 30 விநாடிதான். சட்டென்று முடிக்கவோ எழவோ பழக்கும், பொறுமையாகப் பிடியை இறுக்கப் பழக்காது. மேல்சட்டை பிடிகளும் மெல்லிய பனியனில் நிற்காது.

பெரிய குறை, கூடோவில் அணியும் தலைக்கவசம்தான். முன்புறக் கண்ணாடி மூக்கையும் பல்லையும் காப்பாற்றுகிறது, சரி. ஆனால் மூச்சுப் பட்டு ஆவி படியும், பக்கவாட்டில் வரும் குத்து தாமதமாகத்தான் தெரியும். அதைவிட மோசம், 'கண்ணாடியில்தானே படுகிறது' என்று முகத்தைக் கொடுத்து முன்னேறும் பழக்கம். எனக்கு அது நான்காவது வருடத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது வாரம் ஒரு நாள் கவசத்தைக் கழற்றிவிட்டு, 16 அவுன்ஸ் கையுறையோடு மெதுவாகக் குத்திப் பழகுகிறேன். தாடையை இறக்கி வைக்கும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.