மஸ்டாங்கா, கமேரோவா?

பழைய அமெரிக்கக் கார்ப் பிரியர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பொழுது விடிந்துவிடும். ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். செவர்லே 1966 செப்டம்பரில்தான் கமேரோவை இறக்கியது. பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களிடம், மஸ்டாங்குகளைத் தின்னும் குட்டி மிருகம் என்றார்களாம். குசும்புதான்!

அழகில் மஸ்டாங்: நீண்ட பானெட், குட்டையான பின்பக்கம், மும்மூன்று பட்டையாகப் பின்விளக்கு. ஆனால் பானெட்டைத் திறந்தால் கதை வேறு. இருபுறமும் முன்சக்கர ஸ்பிரிங்குகளைத் தாங்கும் சஸ்பென்ஷன் கோபுரங்கள் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்குள் விரல் முட்டியில் தோல் உரிந்துவிடும். கமேரோவில் அந்தக் கோபுரங்களே இல்லை.

கழற்றி மாட்டி ஓட்ட எனக்கு 1969 கமேரோ போதும். நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க... சரி, அதற்கு மஸ்டாங்.