பழுப்பு லைனருக்கென்றே தேர்ந்தெடுத்தவை என்று சொல்லி விற்கப்பட்ட மூன்று லிப்ஸ்டிக்குகள்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஒரு லிப்ஸ்டிக் பெட்டியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று சில நாட்கள் தயங்கினேன். ஆனால் அதே பெட்டியை, ஏறக்குறைய அதே சொற்களைச் சொல்லி, என் தோழி ஒருவருக்கும் விற்றிருக்கிறார்கள் என்று தெரிய வந்தபோது, பேசாமல் இருப்பது சரியாகப் படவில்லை. உதட்டின் ஓரத்தில் வரையும் லிப் லைனரில் வார்ம் பிரவுன், அதாவது மஞ்சளும் சிவப்பும் தூக்கலான பழுப்பு, பயன்படுத்துபவர்கள் யாராக இருந்தாலும் அடுத்த லிப்ஸ்டிக் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பல ஆண்டுகளாக ஒரே லிப் லைனரைத்தான் வைத்திருக்கிறேன். கறுப்பு கலந்த காப்பிப் பழுப்பைப் போலன்றி, மஞ்சளும் சிவப்பும் தூக்கலாகத் தெரியும், சுட்ட மண்ணின் சாயலுள்ள பழுப்பு அது. என் மேலுதடு கீழுதட்டைவிடக் கருமையாக இருக்கும். பலருக்கும் இயல்பாக உள்ள அமைப்புதான். அந்த லைனரை ஓரத்தில் வரைந்து உள்நோக்கிச் சற்றுத் தேய்த்துவிட்டால் இரண்டு உதடுகளும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அதன் மேல் நான் பூசிவந்த செங்கல் நிற லிப்ஸ்டிக்கின் தயாரிப்பு நின்றுபோனதால், அதற்கு மாற்று தேடித்தான் ஒரு கடையின் அழகுப் பொருள் பிரிவுக்குப் போனேன். கையில் என் லைனர் பென்சிலையும் எடுத்துச் சென்றிருந்தேன்.

அங்கிருந்த விற்பனைப் பெண் பென்சிலை வாங்கிப் பார்த்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. “பிரவுன் எல்லாமே நியூட்ரல்தான் மேடம், அதோடு எந்த ஷேடும் போகும்” என்றார். பிறகு முத்திரையிட்ட ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதில் மூன்று லிப்ஸ்டிக்குகள்: மோவ் எனப்படும் சாம்பல் கலந்த ஊதா இளஞ்சிவப்பு ஒன்று, நியூட் எனப்படும் தோல் நிறத்தை ஒட்டிய வகையில் மிகவும் வெளிறிய பீச் ஒன்று, ரோஜாச் சிவப்பு ஒன்று. மூன்றும் வார்ம் பிரவுன் லைனருக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. உதட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெட்டியைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டு, தனியாக இருந்த டெஸ்டர்களை என் புறங்கையில் மூன்று கோடுகளாக இழுத்துக் காட்டினார். கண்ணாடியைச் சுற்றி எரிந்த மஞ்சள் விளக்குகளின் கீழ் மூன்றும் அழகாகத்தான் இருந்தன. நான் இன்னமும் தயங்குவதைப் பார்த்து, “பொருந்தவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள் மேடம், மாற்றித் தருகிறோம்” என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பலர் முன்னால் நான் பேச வேண்டியிருந்தது. சன்னலோரம் நின்று லைனரை வரைந்து, மேலே மோவ் நிறத்தைப் பூசினேன். கண்ணாடியில் தெரிந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் என் உதட்டோடு இழைந்து கிடந்த அந்தப் பழுப்புக் கோடு, அன்று உதட்டுக்கு வெளியே வழிந்து காய்ந்த கறையைப் போலத் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மேலுதட்டின் இரு முனைகளிலும் அது மீசை நிழல் போலவே தெரிந்தது. லிப்ஸ்டிக்கோ உதட்டின் நடுவில் நீலம் பாய்ந்து, குளிரில் விறைத்த உதட்டின் நிறத்துக்குப் போயிருந்தது. துடைத்து, மீண்டும் வரைந்து, மெல்லிய பூச்சாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. இறுதியில் வெறும் லைனரை மட்டும் உதடு முழுக்கத் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பின்னர் நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். “எந்த ஷேடும் போகும்” என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்பது இதில்தான் இருக்கிறது. பழுப்பு என்பது நிறங்களில் தனியான ஒன்றன்று. வெளிச்சம் குறைந்த ஆரஞ்சுதான் பழுப்பாகத் தெரிகிறது. அழகுப் பொருட்களில் பெரும்பாலான பழுப்புகள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற மூன்று இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து செய்யப்படுபவை. இவற்றில் சிவப்பும் மஞ்சளும் மிகுந்தால் வார்ம் பிரவுன். கறுப்பு மிகுந்தால் சாம்பல் கலந்த குளிர்ந்த பழுப்பு. ஆரஞ்சுக்கு நேரெதிர் நிறம் நீலம். நீல அடிநிறம், அதாவது அண்டர்டோன், கொண்ட லிப்ஸ்டிக்கை வார்ம் பிரவுனுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மிகைப்படுத்திக் காட்டும். பழுப்பு இன்னும் ஆரஞ்சாகும், மோவ் இன்னும் நீலமாகும். பாரிசிலிருந்த கோபலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று வந்த புகார்களை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அந்த நூலுக்கு அருகில் வைத்த நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டறிந்து, அந்த விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார். நெசவில் அன்றே அறியப்பட்ட உண்மை, லைனருக்கென்றே பொருத்தித் தந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெட்டியைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும், விலைபோகாமல் தேங்கிய ஷேடுகளைத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். அதை என்னால் மெய்ப்பிக்க முடியாது.

விளக்கின் பங்கையும் சொல்ல வேண்டும். மஞ்சள் விளக்குகளின் நிற வெப்பநிலை பொதுவாக 2700 முதல் 3000 கெல்வின். நடுப்பகல் வெளிச்சமோ 5500 கெல்வினைத் தொட்டும் தாண்டியும் இருக்கும். மஞ்சள் விளக்கொளியில் நீலத்தின் பங்கு குறைவு என்பதால், லிப்ஸ்டிக்கில் உள்ள நீலச் சாயலும் கண்ணுக்கு எட்டுவதில்லை. கடைக் கண்ணாடியில் ரோஜாப் பழுப்பாகத் தெரிந்த மோவ், என் வீட்டுச் சன்னலோரத்தில் ஊதாவானதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவதாக இருந்த பீச் நியூட்டை ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்தேன். அடிநிறத்தை மட்டும் பார்த்தால் அது லைனரோடு சேர்ந்திருக்க வேண்டும். பீச்சும் ஆரஞ்சின் உறவுதானே. ஆனால் அதில் வெண்மை மிகுதி. வெளிறிய நியூட்களை டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமியால் வெளுக்கச் செய்கிறார்கள். அது கூடுதலாகச் சேர்ந்தால், இயல்பிலேயே நிறம் அடர்ந்த உதட்டின் மேல் சுண்ணாம்பு பூசியது போலச் சாம்பல் படர்ந்து நிற்கும். உதட்டுச் சுருக்கங்களில் வெள்ளைக் கோடுகளும் சேர்ந்துவிட்டன. லைனர் லிப்ஸ்டிக்கைவிட ஓரிரு படி அடர்ந்திருந்தால் உதட்டுக்கு வடிவம் கிடைக்கும். நான்கைந்து படி வேறுபட்டால் வெளியே ஒரு வளையமும் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டும்தான் கண்ணில் படும். அடர்ந்த ஓரமும் வெளிறிய நடுப்பகுதியும் 1990-களில் விரும்பிப் போடப்பட்ட தோற்றம்தான், இப்போதும் அதை விரும்புபவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதற்கும் இரண்டு நிறங்களும் நடுவில் இழைந்து சேர வேண்டும். இது எவ்வளவு தேய்த்தாலும் இழையவில்லை.

ரோஜாச் சிவப்பு வேறு விதமாக ஏமாற்றியது. போட்டவுடன் சற்று வெதுவெதுப்பான சிவப்பாகவே தெரிந்ததால், இது ஒன்றாவது தேறியது என்று நிம்மதி அடைந்தேன். மதியம் சாப்பிட்டு முடித்துக் கண்ணாடி பார்த்தபோது, ஓரத்தில் லைனர் அப்படியே இருந்தது. நடுவில் லிப்ஸ்டிக் அழிந்து, பளிச்சென்ற மஜெந்தாக் கறை மட்டும் எஞ்சியிருந்தது. சில லிப்ஸ்டிக்குகளில் உதட்டின் ஈரத்தோடு சேர்ந்து நீலம் கலந்த இளஞ்சிவப்பாக மாறி ஒட்டிக்கொள்ளும் சாயம் சேர்க்கப்படுகிறது. மூலப்பொருள் பட்டியலில் அது 45410 என்ற எண்ணோடு இருக்கும். மேலே தெரியும் நிறம் எண்ணெயும் மெழுகுமாக அழிந்துபோகும், கறை மட்டும் தங்கும். லைனரில் பொதுவாக மெழுகு கூடுதலாகவும் எண்ணெய் குறைவாகவும் இருப்பதால் அது லிப்ஸ்டிக்கைவிட நெடுநேரம் நிற்கும். வார்ம் பிரவுன் ஓரமும் மஜெந்தா நடுவும் சேர்ந்து எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான்காம் நாள் பெட்டியோடு கடைக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தார். முத்திரை உடைந்த அழகுப் பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற முடியாது என்றார். அந்த விதியில் எனக்கு மறுப்பில்லை. பிறர் உதட்டில் பட்ட லிப்ஸ்டிக்கை நானும் வாங்க மாட்டேன். ஆனால் பொருந்துகிறதா என்பதை முத்திரையை உடைக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது, அப்படியானால் மாற்றித் தருவதாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். “அப்படி நான் சொல்லவில்லையே மேடம்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மேலாளர் வந்து ரசீதின் பின்புறத்தைச் சுட்டிக் காட்டினார்; அங்கே பொடி எழுத்தில் அழகுப் பொருட்களுக்கு மாற்றுக் கிடையாது என்று இருந்தது. தயாரிப்பு நிறுவனத்துக்குப் படங்களோடு கடிதம் எழுதினேன். நிறம் அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் எழுதவில்லையே. குறிப்பிட்ட ஒரு லைனரோடு பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டு, பொருந்தாததைக் கொடுத்தார்கள் என்றல்லவா எழுதியிருந்தேன்.

மூலப்பொருள் பட்டியலை வாங்கும் முன்பே பார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். பெட்டியின் அடியில் ஷேடுகளின் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் அந்தப் பட்டியலின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் படிக்க முடிந்தது. படித்தாலும் முழு உதவி கிடைக்காது. பட்டியலின் கடைசியில் கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் நிறமிகள் அந்த வரிசையின் ஏதாவது ஒரு ஷேடில் இருக்கக்கூடியவை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டவை. உங்கள் கையில் உள்ள ஷேடில் எது எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியாது. எனவே எண்களைவிடக் கண்ணையும் விரலையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். புறங்கையில் பூசிக் காட்டுவதை ஏற்றுக்கொள்வதில்லை; அங்கே தோலின் நிறம் வேறு, உதட்டின் நிறம் வேறு. விரல் நுனியின் சதைப்பகுதி உதட்டுக்குச் சற்று நெருக்கமானது. அதில் முதலில் என் லைனரைத் தடவி, பாதிப் பகுதியில் மட்டும் லிப்ஸ்டிக்கை ஏற்றி, இரண்டும் சேரும் இடத்தைத் தேய்த்துப் பார்க்கிறேன். கோடு கரைந்து ஒன்றோடொன்று கலந்தால் சரி. இடையில் சேற்று நிறமோ சாம்பல் பட்டையோ தோன்றினால் வைத்துவிடுகிறேன். மெல்லியதாக இழுத்தால் வெள்ளைப் படலம் தெரிகிறதா என்றும் கவனிக்கிறேன். பிறகு விரலைக் கழுவாமல் கடைக்கு வெளியே, நேர் வெயிலில் அல்லாமல் நிழல் வெளிச்சத்தில் நின்று பார்க்கிறேன். பத்து நிமிடம் கழித்து ஈரத்தாளால் துடைத்தால் கறை என்ன நிறம் என்பதும் தெரிந்துவிடும். காய்ந்ததும் பளபளப்பில்லாமல் நிற்கும் திரவ மேட் வகையாக இருந்தால், காய்ந்த பிறகு அதன் நிறம் அடர்வது உண்டு என்பதால் காயும்வரை எந்த முடிவுக்கும் வருவதில்லை. பலர் தொட்ட டெஸ்டரை நேரடியாக உதட்டில் வைக்கவே வைக்காதீர்கள். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பீஸ் கிருமி அதன் வழியாகத் தொற்றக்கூடும்.

ஷேடைப் பொறுத்தவரை, டெரகோட்டா, செங்கல் சிவப்பு, துரு நிறம், கேரமல், அடர்ந்த பீச், ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு ஆகியவை வார்ம் பிரவுனோடு தயக்கமின்றிச் சேர்கின்றன. இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் பவளச் சாயல் உள்ளதைத் தேடுங்கள். பெர்ரி, பிளம் போன்றவை பிடித்தவர்கள் அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை; அவற்றுக்கென்று குளிர்ந்த பழுப்பு லைனர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே உதட்டுப் படத்தின் நிறத்தைக் கணினியில் மாற்றி எல்லா ஷேடுகளுக்கும் போடும் வழக்கம் இருக்கிறது. உதட்டுச் சுருக்கமும் ஒளித்துளியும் எல்லாப் படங்களிலும் அச்சு மாறாமல் ஒரே இடத்தில் இருந்தால் அந்தப் படத்தை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே இதே போன்ற பெட்டியை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி சொல்ல முடியும். லைனரை ஓரத்தில் மட்டும் வரையாமல் உதடு முழுக்கத் தேய்த்து, அதன் மேல் மோவ் நிறத்தை நடுவில் மட்டும் விரலால் ஒற்றி எடுத்தால், பழுப்பு அதைத் தன் பக்கம் இழுத்து ஓரளவு அணியத்தக்க ரோஜாப் பழுப்பாக்கிவிடுகிறது. பீச் நியூட்டையும் அதே முறையில் சிறிதளவு பயன்படுத்தி வருகிறேன். ரோஜாச் சிவப்புக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை. பெட்டியை இன்னும் திறக்காதவர்கள் முத்திரையில் கை வைக்கும் முன் ரசீதின் பின்புறத்தைப் படியுங்கள். மாற்றித் தருவதாக யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சொல்லை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.