எழும்பூரில் ஓர் இரவும் ஒரு முற்பகலும்

ஜெர்மனியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் சென்னையை வழியில் நேரும் ஒரு தடங்கலாகவே எண்ணிவந்தேன். விமானம் மாலையில் இறங்கும். ஊருக்குப் போகும் வந்தே பாரத் மறுநாள் பிற்பகலில்தான் புறப்படும். இடைப்பட்ட பதினெட்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை விமான நிலையத்தையொட்டிய விடுதியில் தூங்கியும் தூங்காமலும் கழித்துவிட்டு, நண்பகலில் அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு ரயில் நிலையத்தில் காத்துக் கிடப்பது வழக்கமாகிவிட்டது. இந்த மார்கழியின் கடைசி வாரத்தில் வந்தபோது அந்த வழக்கத்தை மாற்றி, இரவுத் தங்கலை எழும்பூருக்குக் கொண்டுபோனேன்.

மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே வருகிறது. நீல வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் கோயம்பேடு, அண்ணா நகர் வழியாக எழும்பூரில் இறங்கலாம். கட்டணம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருப்பதால் இரண்டு பெரிய பெட்டிகளோடு தனியாகவே சமாளிக்க முடிந்தது. ஆனால் இரவு பதினொரு மணி வாக்கில் சேவை முடிந்துவிடும் என்பதால், நள்ளிரவில் இறங்குபவர்களுக்கு டாக்சிதான் வழி. சாலைக்கு அப்பால் உள்ள திரிசூலத்திலிருந்து புறநகர் மின்சார ரயிலிலும் எழும்பூருக்கு நேராக வரலாம். கையில் ஒரு தோள்பை மட்டும் இருந்தால் அதையே சொல்வேன்.

எழும்பூரைத் தேர்ந்தெடுக்க முதற்காரணம், நிலையத்துக்கு எதிரே கென்னத் சந்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள லாட்ஜுகளில் பல இன்னும் 24 மணி நேரக் கணக்கில் அறை தருவதுதான். இரவு ஒன்பது மணிக்கு நுழைந்தால் மறுநாள் இரவு ஒன்பது வரை அறை நம்முடையது. பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். திரும்பிவந்து குளித்துவிட்டு ரயிலேறலாம். ஆயினும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களைத் தங்கவைக்கும் விடுதி, 'சி ஃபார்ம்' என்று வழக்கத்தில் சொல்லப்படும் படிவத்தின் வழியே 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று சிறிய லாட்ஜுகள் கைவிரித்துவிடுவதுண்டு. நான் முதலில் நுழைந்த இடத்தில், தமிழில் பேசிய என்னையும் சிவப்பு அட்டை போட்ட என் ஜெர்மன் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்த மேலாளர், "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த விடுதியில், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையையும் கடவுச்சீட்டையும் நகலெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சாவி கொடுத்தார்கள். முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டால், இரவில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலையும் வேலை மிச்சம்.

கால நேர மாற்றத்தால் நான்கு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிட்டது. புரண்டு படுக்காமல் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனேன். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்காகத் தெருக்களில் தடுப்புகள் நிற்பதால் பகலில் அந்தப் பக்கம் போக நான் அஞ்சுவேன்; விடியலுக்கு முன் அந்தச் சிக்கல் இல்லை. மாட வீதிகளில் ஈரம் காயாத கோலங்கள் கிடந்தன. கபாலீசுவரர் கோயிலுக்குள் யாரோ திருவெம்பாவையை மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். தல மரமான புன்னையைச் சுற்றிவந்து, வெளியே ஒரு பில்டர் காப்பி குடித்துவிட்டு, கடற்கரைக்குப் போகும் ஆசையை அடக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். அவ்வளவு குறைந்த நேரத்தில் மூன்றாவதாக ஓர் இடத்தைச் சேர்த்தால் எல்லாவற்றையும் ஆட்டோவிலிருந்தே பார்க்க வேண்டியிருக்கும்.

ஏனென்றால் மிச்ச நேரம் முழுவதையும் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியிருந்தேன். 1851இல் தொடங்கப்பட்ட அந்த வளாகம் எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை, காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் கட்டணம் கூடுதல். அமராவதிச் சிற்பங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் செப்புத் திருமேனிக் கூடத்திலேயே தங்கிவிட்டேன். திருவாலங்காட்டு நடராசரின் முன் நிற்கும்போது, நூறு படங்களில் பார்த்த உருவம் என்ற நினைப்பு அடங்கச் சற்று நேரமாகிறது. அதன் பிறகுதான், இவ்வளவு வேகமான ஆட்டத்தில் முகம் மட்டும் எப்படி அமைதியாக இருக்கிறது என்பது கண்ணில் படுகிறது. அர்த்தநாரியின் உடலில் ஆண் பாதி எங்கே முடிந்து பெண் பாதி எங்கே தொடங்குகிறது என்று இடுப்பின் வளைவைத் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்தேன். பெர்லினிலும் பாரீசிலும் அருங்காட்சியகங்களுக்கு வரிசையில் நின்றவன், இத்தனை ஆண்டுகளாக இதைத் தாண்டித் தாண்டி ரயிலேறியிருக்கிறேன். காலை வேளையில் கூட்டமே இல்லை. ஒரு பள்ளிக் குழு மட்டும் வந்து போனது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, வாழையிலைச் சாப்பாட்டை முடித்து, அறையில் குளித்துப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தால் நிலையம். ரயில் பயணச்சீட்டு, முன்பதிவு தொடங்கும் நாளிலேயே, அதாவது அறுபது நாளுக்கு முன்பே, எடுத்ததுதான். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பேருந்தில் தெற்கே போகிறவர்களுக்கோ இந்த ஏற்பாடே பொருந்தாது. 2023 டிசம்பர் இறுதியில், தாம்பரத்துக்கு அப்பால் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய்விடக் கூடாது. அவர்கள் தாம்பரம் பக்கமே தங்கிக்கொள்ளலாம். என் வண்டி எழும்பூரிலிருந்தே கிளம்பியது. தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிப்போய், திருச்சியில்தான் கண்விழித்தேன்.