ஓவர்க்ளாக் பண்ண கிராபிக்ஸ் கார்டுல வோல்டேஜ் டிராப் அளக்க எது நம்பகம்: சாஃப்ட்வேரா, மல்டிமீட்டரா, ஸ்கோப்பா?

ஓவர்க்ளாக் பண்ண கார்டு லோடுல மட்டும் கிராஷ் ஆகுதுன்னா, ஜிபியூ சிப்போட கோருக்கு நெஜமா எவ்ளோ வோல்டேஜ் போய்ச் சேருதுன்னு தெரியாம மேல ஒண்ணும் பண்ண முடியாது. நெறைய பேரு கார்டு விவரம் காட்டுற ஜிபியூ-இசட் சாஃப்ட்வேர்ல 1.050 வோல்ட்னு அசையாம நிக்கிறத பாத்துட்டு டிராப்பே, அதாவது லோடுல வோல்டேஜ் எறங்குறதே இல்லன்னு முடிவு கட்டிடுறாங்க, அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

ஏன்னா பாஸ்கல் தலைமுறைல இருந்து, அதாவது 2016க்கு அப்புறம் வந்த என்விடியா கார்டுங்கள்ல சாஃப்ட்வேர் காட்டுறது ஜிபியூ கேட்ட வோல்டேஜ் (விஐடி), விஆர்எம் (கார்டுலயே கோருக்கு வோல்டேஜ் குடுக்குற சர்க்யூட்) குடுத்த வோல்டேஜ் இல்ல. 1080 டிஐ மாதிரி ஒரு கார்டுல கோர் மட்டும் 200 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க, வழியில வெறும் 0.2 மில்லிஓம் இருந்தாலே 40 மில்லிவோல்ட் போயிடும், ஒரு விஐடி ஸ்டெப் 6.25 மில்லிவோல்ட்தான்னு பாத்தா அது ஆறு ஸ்டெப்புக்கு மேல, ஸ்கிரீன்ல அதுல ஒரு மில்லிவோல்ட் கூட தெரியாது. ஏஎம்டி பக்கம் நெலமை கொஞ்சம் பரவால்ல. வேகா 64ல இருக்குற ஐஆர்35217 மாதிரி விஆர்எம் கன்ட்ரோலர் தான் அளந்த வோல்டேஜை ஐ2சிங்கிற டேட்டா லைன் வழியா சொல்லிடும், எச்டபிள்யூஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் அதை எடுத்துக் காட்டும், டிராப் கண்ணுக்கு தெரியும். ஆனா டீஃபால்ட்டா 2 செகண்டுக்கு ஒரு தடவதான் படிக்கும், நடுவுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கு தெரியாது.

இந்த வேலைக்கு என்னோட ஓட்டு மல்டிமீட்டருக்குதான், அதுவும் சாதா மீட்டருக்கே. 0.5 சதவீதம் பிளஸ் மூணு டிஜிட்னு போட்டிருக்குற மீட்டர் ஒரு வோல்ட்ல 8 மில்லிவோல்ட் வரைக்கும் தப்பா காட்டலாம், இத வச்சு எப்படி அளக்குறதுன்னு கேப்பீங்க, ஆனா நமக்கு வேண்டியது ஐடில்லயும் லோடுலயும் வர்ற ரெண்டு ரீடிங்கோட வித்தியாசம், அந்தத் தப்புல பெரும்பகுதி ரெண்டு ரீடிங்லயும் ஒரே மாதிரி இருக்குறதால கழிஞ்சு போயிடும்.

மீட்டர் விலையை விட எங்க ப்ரோப் வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம், இத எத்தனை தடவ சொன்னாலும் தகும். நெறைய வீடியோல சோக் (விஆர்எம்ல இருக்குற காயில்) காலுல வச்சு அளப்பாங்க, வைக்க ஈசி, ஆனா கன்ட்ரோலர் வோல்டேஜை சென்ஸ் பண்றது கோர் கிட்ட, அதனால லோடு ஏறும்போது வழியில போற இழப்பை ஈடுகட்ட சோக் பக்கம் வோல்டேஜை ஏத்திக் குடுக்கும். அப்போ சோக்ல அளந்தா டிராப் கம்மியா தெரியும், சில கார்டுல ஏறுன மாதிரியே கூட தெரியும். சரியான எடம் போர்டுக்குப் பின்னாடி, கோருக்கு நேர் கீழ இருக்குற குட்டி செராமிக் கெபாசிட்டர். ரெட் ப்ரோப் அதோட ஒரு முனையில, பிளாக் அதே கெபாசிட்டரோட இன்னொரு முனையில. பிளாக்கை கேபினெட்லயோ பவர் சப்ளை கிரவுண்ட்லயோ வச்சீங்கன்னா கிரவுண்ட் வழியில நடக்குற டிராப்பும் சேந்து வந்துடும்.

எந்த முனை பாசிட்டிவ்னு பாக்க பீப் மோட நம்பாதீங்க, பெரிய சிப்ல கோருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இருக்குறதே ரொம்ப கம்மி ஓம்தான், ரெண்டு பக்கமும் பீப் அடிக்கும். ஒரு ப்ரோப்பை கிரவுண்ட்ல வச்சுட்டு ஓம் ரீடிங் எந்த முனையில ஜீரோவுக்கு கிட்ட வருதுன்னு பாருங்க, அதுதான் கிரவுண்ட், மத்தது பாசிட்டிவ். அப்புறம் ஓடுற கார்டுல கையால ப்ரோப் புடிக்கவே வேணாம், வழுக்கி 12 வோல்ட்ல பட்டு கோர் லைனோட சேந்துச்சுன்னா சிப் போச்சு. கார்ட கழட்டி மெல்லிசான ரெண்டு ஒயர் சாலிடர் பண்ணி, சூடு தாங்குற கேப்டான் டேப் ஒட்டி வெளிய இழுத்துக்கோங்க. எம்எஸ்ஐ லைட்னிங், ஈவிஜிஏ கிங்பின் மாதிரி கார்டுல அளக்கவே தனி பாயிண்ட் குடுத்திருப்பாங்க, அது இருந்தா வேலை பாதியா குறையும்.

எதுல அளந்தாலும் விஐடியை லாக் பண்ணாம ஆரம்பிக்காதீங்க. ஓவர்க்ளாக் பண்ற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல கன்ட்ரோல்-எஃப் தட்டி வோல்டேஜ்-க்ளாக் கர்வ் எடுத்து ஒரு பாயிண்டை செலக்ட் பண்ணி எல் அமுக்குங்க. இல்லன்னா சூடு ஏறினதும் பூஸ்ட் தானா வோல்டேஜை எறக்கும், அதையும் டிராப்னு கணக்கு போட்டுடுவோம். பவர் லிமிட்ல முட்டினா லாக் பண்ண பாயிண்டும் எறங்கிடும், அதனால கார்டை ரொம்ப பவர் இழுக்க வைக்கிற ஃபர்மார்க் டெஸ்ட் வேணாம், லாக் பண்ண பாயிண்ட் நிக்கிற மாதிரி ஒரு கேமோ பெஞ்ச்மார்க்கோ ஓட்டுங்க.

வோல்டேஜ் நேரத்தோட எப்படி மாறுதுன்னு படமா காட்டுற ஆஸிலோஸ்கோப் எப்போ வேணும்னா, மீட்டர்ல எல்லாம் சரியா இருந்தும் லோடு மாறுற அந்த நொடியில மட்டும் கிராஷ் ஆனா. மீட்டர் காட்டுறது சராசரி, ஃப்ளூக் 87-5ல இருக்குற பீக் மோடே 250 மைக்ரோசெகண்ட் வரைக்கும்தான் புடிக்கும், அதை விட வேகமா குழி விழுந்து எழுந்துச்சுன்னா ஸ்கோப் ஒண்ணுதான் வழி. 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பே தாராளம், 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்ட ஆன் பண்ணிட்டு 1எக்ஸ் ப்ரோப்ல குட்டி ஸ்பிரிங் கிரவுண்ட் போடுங்க, நீள கிளிப் போட்டா விஆர்எம் ஸ்விட்சிங் நாய்ஸ்தான் படம் பூரா வரும். அந்தக் கிரவுண்ட் எர்த்தோட கனெக்ட் ஆனது, மறந்து போய் பாசிட்டிவ்ல மாட்டிடாதீங்க. ஆனா நெலையான டிராப் எத்தனை மில்லிவோல்ட்னு கேட்டா ஸ்கோப்பை விட சாதா மீட்டரே மேல், 8 பிட் ஸ்கோப்போட டிசி அக்யூரசி அவ்ளோ நல்லா இருக்காது.

ஆக மொதல்ல மீட்டர், அதுல 40, 50 மில்லிவோல்ட்னு வந்துச்சுன்னா அதுக்கு ஏத்த மாதிரி கர்வ்ல மேல் பாயிண்டுக்குப் போங்க, இல்ல க்ளாக்கை எறக்குங்க. மீட்டர்ல டிராப் சின்னதா இருந்தும் கிராஷ் நிக்கலன்னா அப்புறம் ஸ்கோப்புக்கு காசு செலவு பண்ணலாம்.