ஜவுளிக்கடை வாசலுக்கு எந்தத் திருட்டுத் தடுப்பு கேட்: 58 கிலோஹெர்ட்ஸா, 8.2 மெகாஹெர்ட்ஸா?

துணியில் மாட்டிய டேகை அகற்றாமல் வாசலைக் கடந்தால் அலாரம் அடிக்கும் இரட்டைத் தூண்தான் இந்தக் கேட். விளம்பரத் தாளில் ‘தூண்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி’ என்று அச்சடித்திருப்பதை நம்பித்தான் பலரும் கேட் வாங்குகிறார்கள். பெரும்பாலும் அந்த அளவு, பெரிய ஹார்ட் டேகை (துணியில் குத்தும் கெட்டிப் பிளாஸ்டிக் டேக்) நன்றாகச் சிக்கும் கோணத்தில் பிடித்து, மின் இரைச்சல் (மற்றக் கருவிகள் கிளப்பும் வேண்டாத சிக்னல்) இல்லாத இடத்தில் எடுத்தது. கடையில் ஒட்டும் சின்ன லேபிளுக்கு அது கிடைக்காது. வாசலில் எவ்வளவு அகலம் தேறும் என்பதை அங்குள்ள மின் இரைச்சல்தான் தீர்மானிக்கும். இரண்டு வகைகளையும் அந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

8.2 மெகாஹெர்ட்ஸ் வகையை ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) என்பார்கள். செக்பாயின்ட் நிறுவனத்தின் பெயரோடு பரவியது; பெயர் போடாத மலிவு கேட்களிலும் இதுவே அதிகம். டேகுக்குள் இருப்பது ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும்தான், அதனால் லேபிள் விலை குறைவு. ஒட்டும் லேபிளுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், ஹார்ட் டேகுக்கு அதைவிடச் சற்று அதிகம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. ஒற்றைக் கதவு உள்ள கடைக்கு நல்ல தேர்வு.

இதன் பலவீனம் உலோகம். ஷட்டரின் பக்கச் சட்டம், அலுமினியக் கதவு நிலை, துணி தொங்கவிடும் கம்பி ஸ்டாண்டு என மூடிய வளையமாக அமையும் எதுவும் 8.2-க்கு அருகில் ஒத்ததிர்ந்தால், கேட் அதை டேக் என்றே எடுத்துக்கொள்ளும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கேபிளும் இதே வேலையைச் செய்யும். யாருமே கடக்காதபோது அலாரம் அடித்தால் கேட்டின் சர்க்யூட் போர்டைத் தொடும் முன் இவற்றைத் தேடுங்கள். கேபிளை விரித்து விடுங்கள். ஸ்டாண்டின் ஒரு மூட்டில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைத்து வளையத்தை உடையுங்கள். பட்டுப்புடவையில் அடர்ந்த ஜரிகை முந்தானை மீது டேக் படிய வைக்காதீர்கள். உலோக இழை அதிர்வெண்ணை நகர்த்திவிடும். புடவையின் உடல் பகுதியில் குத்துவதே சரி. பில்லிங்கில் செயலிழக்கச் செய்த லேபிள், மடங்கியும் கசங்கியும் சில சமயம் மீண்டும் உயிர்பெறுவதும் இந்த வகையின் குறைதான். வாங்கியவரே வாசலில் மாட்டிக்கொண்டு அவமானப்படக் கூடாது. லேபிளை உரித்தெடுத்து விடுவதே மரியாதை.

58 கிலோஹெர்ட்ஸ் வகை ஏஎம் (அகவுஸ்டோ-மேக்னடிக்). சென்சார்மேடிக் நிறுவனம் கொண்டுவந்தது. டேகில் மெல்லிய உலோகத் தகடுகளும் அவற்றைச் சரியான அதிர்வெண்ணில் நிறுத்தும் ஒரு காந்தப் பட்டையும் இருக்கும். கேட் சுமார் 1.6 மில்லிசெகண்ட் அலையை அனுப்பி நிறுத்தும். தகடு அதன்பின்னும் அதிர்ந்துகொண்டிருக்க, அந்த மௌனத்தில் ரிசீவர் கேட்கும். அகல வாசலுக்கும், அலுமினியத் தாள் ஒட்டிய பைகளுக்கு எதிராகவும் இது தெளிவாக மேல்.

ஆனால் மின்சாரம் சுத்தமாக இருக்க வேண்டும். எல்இடி டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), விளம்பரத் திரை, எஸ்கலேட்டர் மோட்டாரின் டிரைவ், மலிவு சார்ஜர் எல்லாம் 58-ஐச் சுற்றி இரைச்சல் போடும். 29 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும் டிரைவரின் இரண்டாம் மடங்கு சரியாக 58-இல் விழும். கண்டுபிடிக்க வழி: கேட்டின் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அணைத்து, சர்வீஸ் மென்பொருளிலோ ஆசிலாஸ்கோப்பிலோ இரைச்சல் அளவைப் பார்த்துக்கொண்டே பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது அளவு சரிகிறதோ அந்த லைனில்தான் குற்றவாளி. இரைச்சலைத் தடுக்க மின் கம்பியில் மாட்டும் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தை ஒரே சுற்றாக மாட்டுவது 58-க்கு ஏறக்குறைய வீண். ஒரே வளையத்துக்குள் கம்பியை ஐந்து சுற்று செலுத்தினால் தடுப்பு ஏறக்குறைய இருபத்தைந்து மடங்காகும். கோளாறான டிரைவரையே மாற்றுவது இன்னும் நிம்மதி.

மால்களில் பெரிய தலைவலி பக்கத்துக் கடை. ஏஎம் கேட்கள் மின்சாரத்தின் பூஜ்யக் கடப்பை (மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியை) வைத்துத்தான் நேரம் பிடிக்கின்றன. உங்கள் ரிசீவர் கேட்கும் நேரத்தில் அவர்கள் கேட் அலையை அனுப்பினால் உங்கள் கேட் அலறும், அல்லது செவிடாகும். பக்கத்துக் கடை வேறு ஃபேஸில் இருந்தால் நேரம் விலகும்: 50 ஹெர்ட்ஸில் ஒரு ஃபேஸுக்கும் அடுத்ததற்கும் 6.67 மில்லிசெகண்ட் இடைவெளி. மென்பொருளில் தாமத அமைப்பு உண்டு. இரு கடைகளும் ஒன்றாக அனுப்பி ஒன்றாகக் கேட்கும்படி அதைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்தபின்னும் அலாரம் சிறிது நேரம் அடித்து, அடங்கி, திரும்ப அடித்தால் யூபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். சொந்தமாக 50.00 ஹெர்ட்ஸ் தயாரிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் 49.95-இல் ஓடும் லைனுக்கும் இடையில் 20 விநாடிக்கு ஒரு முழுச் சுற்று நழுவும். கேட்டை யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, பக்கத்துக் கடைக்கு வரும் அதே பொது லைனில் கொடுங்கள்.

பொருத்தும்போது: ஆன்டெனாவை (கேட்டின் தூணை) இறுதி இடத்தில் நிறுத்தியபிறகே டியூன் செய்ய வேண்டும், அருகிலுள்ள இரும்பு அதன் ஒத்ததிர்வை மாற்றும். ஆன்டெனா கேபிள் மின் கம்பியோடு இணையாக ஓடக் கூடாது. கடக்க வேண்டுமானால் செங்குத்தாக. டேக் மாட்டிய துணி ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்கட்டும், ஆன்டெனாவின் பின்பக்கமும் கேட்கும். அதை ஒட்டி நாற்காலியும் வரிசையும் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இயல்பான நடையில் கடந்துபோகலாம், அங்கேயே நிற்கக் கூடாது.

எங்கள் முடிவு: பத்தடி வாசல், மாலுக்குள் கடை, மின்லைனைக் கட்டுப்படுத்த முடியும் என்றால் ஏஎம். தெருவோரச் சிறு கடை, ஒட்டும் லேபிள் ஆயிரக்கணக்கில் செலவாகும் என்றால் ஆர்எஃப். ஏஎம் போட்டுவிட்டு எல்இடி திரையைக் கேட்டுக்கு மேலேயே மாட்டுவதாக இருந்தால், அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பொய் அலாரத்தை நிறுத்த சர்வீஸ் ஆள் உணர்திறனைக் குறைத்துவிட்டுப் போவது வழக்கம். அலாரம் நிற்கும், திருட்டும் தடையில்லாமல் நடக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன்னும், கடையில் நிஜமாகப் பயன்படுத்தும் மிகச்சிறிய டேகைக் கணுக்கால், இடுப்பு, நெஞ்சு ஆகிய மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் நெடுக்காக, கிடையாக, பக்கவாட்டாகப் பிடித்து வாசலின் நடுவே நடந்து பாருங்கள். ஷட்டரைப் பாதி இறக்கியும் விளக்குகள் அனைத்தையும் போட்டும் அதே சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.