மூன்று பேர், ஒரு பிரிண்டர்: தொழிலை எப்படிப் பதிவு செய்வது?

போன மாதம் கோவையில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் மூன்று பேர் வந்தார்கள். வாடகை அறையில் ஒரு த்ரீடி பிரிண்டரை வைத்துக்கொண்டு பம்ப்செட் பட்டறைகளுக்கு மாதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கிறார்கள். மாதம் முப்பதாயிரம் போல மிஞ்சுகிறது. பணம் மூவரில் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் விழுகிறது. "பிரைவேட் லிமிடெட் போட்டுடலாம் சார்" என்றார்கள். லெட்டர்பேடுக்கு லோகோகூடத் தயாராக இருந்தது.

அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரே ஆள் பெயரில் நடக்கும் புரொப்ரைட்டர்ஷிப்தான் இருப்பதிலேயே எளிது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, உரிமையாளரின் பான் எண்ணே தொழிலுக்கும் போதும், வரியும் தனிநபர் விகிதம்தான். தனி ஆளாகத் தொடங்குகிறவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் மூன்று பேர் ராத்திரி பகலாக உழைக்கும் இடத்தில் ஏட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் இந்த வடிவத்துக்குக் கிடையாது.

அடுத்தது பார்ட்னர்ஷிப், அதாவது கூட்டாண்மை. மாணவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். எதிலும் கையெழுத்துப் போடாமலே இந்த மூவரும் ஏற்கெனவே கூட்டாளிகள்தான். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு சேர வாய்ப்பேச்சே போதும். பங்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளவில்லை என்றால் லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் சமபங்கு. உழைப்புக்குத் தனிச் சம்பளம் கேட்கவும் உரிமை இல்லை. விடிய விடிய பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், வேலை கிடைத்து பெங்களூரு போய் வார இறுதியில் மட்டும் போனில் பேசுகிறவருக்கும் ஒரே பங்கு! தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனை மூவரில் யாரிடமிருந்தும் முழுசாக வசூலிக்கலாம்.

அதனால்தான் பார்ட்னர்ஷிப் டீட், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரம், எழுதுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். யாருக்கு எத்தனை சதவீதம், யாருக்குச் சம்பளம், விலகிப் போகிறவருக்கு என்ன கணக்கு, இந்த மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். சம்பளம் டீடில் இருந்தால் வரியிலும் பலன் உண்டு. கூட்டாண்மை லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் வரி. டீடில் எழுதிய சம்பளத்தைச் சட்ட வரம்புக்குள் முதலில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், டீடோடு நிற்காமல் மாவட்டப் பதிவாளரிடம் பதிவும் செய்துவிட வேண்டும். பதிவு இல்லாத கூட்டாண்மை, பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது. பட்டறைகளுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு நடப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எல்.எல்.பி. (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. தொழில் கடன் கூட்டாளியின் சொந்தச் சொத்தைத் தொடாது என்பதுதான் இதன் பலம். விற்றுமுதல் 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை ஆடிட் கட்டாயம் இல்லை. வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு இரண்டு படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வரி அதே 30 சதவீதம்.

சரி, அவர்கள் கேட்ட பிரைவேட் லிமிடெட்? பங்கு கொடுத்து வெளியார் முதலீடு வாங்க வேண்டுமென்றால் இதுதான் வழி, அதில் சந்தேகமே இல்லை. குறைந்தபட்ச முதல் ஒரு லட்சம் என்ற விதியையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள். தொடங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆடிட் செய்தே ஆக வேண்டும். ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை என்ற இரண்டு படிவங்கள் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000! மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழக்கிறார்கள். இந்தச் சின்ன வயதில் அப்படி ஒரு தடை வருவதை நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது. மூடுவதற்கும் விண்ணப்பக் கட்டணமே 10,000.

இன்னொன்றை யாரும் இவர்களுக்குச் சொல்வதில்லை. 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் 20 லட்சம் வரை மானியம் தந்தது. விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பொருளே தயாராகாத நிலையில் அவசரமாகப் பதிவு செய்தவர்களின் இரண்டு வருடம், செமஸ்டர் தேர்விலும் புராஜெக்டிலுமே கரைந்துபோனது.

என் கணிப்பில் இந்த மூவருக்கு இப்போது பதிவு செய்த பார்ட்னர்ஷிப்தான் சரி. முதலீட்டாளர் ஒருவர் நிஜமாகவே வந்து உட்காரும் நாளில் கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம். மருத்துவக் கருவி மாதிரி, பழுதானால் பெரிய இழப்பீடு கேட்கக்கூடிய பொருள் செய்கிறவர்கள் என்றால் முதலிலேயே எல்.எல்.பி. போடச் சொல்லியிருப்பேன்.

டீடுக்கு வரைவு எழுத உட்கார்ந்தோம். "பிரிண்டர் யாருடையது?" என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாங்கிக் கொடுத்தது ஒருவருடைய அப்பா. அது அவர் போட்ட முதலா, தொழிலுக்குக் கொடுத்த கடனா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.